படியெடுத்தபின் இடித்தல்: திருமழபாடிப் பதிகங்களை முன்வைத்துப் பழந்தமிழிசைச் சான்றுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழிசையைப் பாடுவோரும் ஆராய்வோரும் இன்று எடுத்தாளும் சான்றுகள் மூவகைப்படும். அவை பண் குறித்த பனுவல்கள், இசையிலக்கணமும் அதன் உரைகளும், ஓதுவார் மரபின் வாய்மொழிப் பாடல்முறை என்பனவாம். இம்மூன்றும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை. வெவ்வேறு அளவில் உறுதி தருபவை. ஆயினும் 'பண்ணுக்கு நிகரான இராகம்' என்னும் அட்டவணை வழியாக இவை ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. இக்கலப்பினால் நேரும் இழப்பை, அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்திலுள்ள திருமழபாடித் தலத்துப் பதிகங்களைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. இச்சான்றுகளைத் தனித்தனியே பதிவு செய்யும் நெறியொன்றையும் முன்வைக்கின்றது.

முக்கியச் சொற்கள்: பண், இராகம், தேவாரம், திருமழபாடி, ஓதுவார், அலகு, குடுமியான்மலை, யாழ்நூல்.

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலின் கல்வெட்டு வரலாற்றில் ஆய்வாளர் கவனத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில், பழைய விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணை பிறந்தது. இடிக்கும் முன்னர், அச்சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அப்படிகளைக் கொண்டு புதிய சுவரில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. இன்று அங்குக் காணப்படும் பழைய ஆவணங்கள் சில மூலங்கள் அல்ல, படிகளே. இருப்பினும் அவை படிகள் என்னும் உண்மையையும் கல்வெட்டே கூறிவிடுவதால் வரலாற்றாசிரியர் ஏமாறுவதில்லை. மூலம் எது, படி எது, படி எப்போது எடுக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கு விடை உண்டு.

இதே தலத்தின்மீது பாடப்பெற்ற தேவாரப் பதிகங்களின் இசையைப் பற்றி இம்மூன்று வினாக்களை எழுப்பினால் எவ்வளவு விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

திருமழபாடிப் பதிகங்களும் பண் குறிப்பும்

திருமழபாடிக்கு ஆறு பதிகங்கள் கிடைத்துள்ளன. சம்பந்தர் பாடியவை மூன்று. அப்பர் பாடியவை இரண்டு. சுந்தரர் பாடியது ஒன்று. சம்பந்தரின் மூன்றனுள் இரண்டாம் திருமுறைப் பதிகம் இந்தளப் பண்ணிலும், மூன்றாம் திருமுறைப் பதிகங்கள் இரண்டும் முறையே கொல்லி, கௌசிகம் ஆகிய பண்களிலும் அமைகின்றன. சுந்தரர் பதிகம் ஏழாம் திருமுறையில் 24ஆவதாக நட்டராகப் பண்ணில் இடம்பெற்றுள்ளது. அப்பர் பதிகங்கள் இரண்டும் ஆறாம் திருமுறையைச் சேர்ந்த தாண்டகங்கள். இவற்றுக்குப் பண் வகுக்கப்படவில்லை. பண்ணும் தாளமும் கூடிய பண்ணாங்கமாகவன்றி, தாளக் கட்டற்ற சுத்தாங்கமாக இவற்றைப் பாடுதல் ஓதுவார் வழக்கு.

ஒரே ஊருக்கு நான்கு பண்களும் ஒரு தாண்டகமும் அமைவதால், தேவார இசையின் பன்மையைச் சோதிக்கத் திருமழபாடி நல்லதோர் உரைகல்லாகின்றது. இதே மாவட்டத்துத் திருப்பழுவூர்ப் பதிகம் இந்தளத்திலும், கோவிந்தபுத்தூர் எனப்படும் திருவிசயமங்கைக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் காந்தாரபஞ்சமத்திலும் அமைந்திருப்பதைச் சேர்த்து நோக்கின், ஒப்பீட்டுக்கான களம் மேலும் விரியும்.

இப்பண் குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்னும் வினாவிற்கு மரபே ஒரு விடை தருகின்றது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம், தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து பதிகங்கள் மீட்கப்பட்டதைக் கூறுகின்றது. பின்னர் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவர் வழியாகப் பண்கள் வகுக்கப்பட்டன என்றும் அது கூறுகின்றது. இக்கதையை வரலாறாகக் கொள்வதா என்பது வேறு வினா. ஆயின் கதையின் அமைப்பு தெளிவான ஓர் உண்மையை ஏற்கின்றது: சொல் மீட்கப்பட்டதும் இசை மீட்கப்பட்டதும் இருவேறு நிகழ்ச்சிகள். சொல் ஏட்டிலிருந்து கிடைத்தது. இசை ஒரு குடியின் குரலிலிருந்து கிடைத்தது. பதிகம் கிடைத்துவிட்டதனாலேயே பண்ணும் கிடைத்துவிட்டது என அப்புராணம் கருதவில்லை. இன்றைய ஆய்வு பலபோது இந்த எச்சரிக்கையைத் தவறவிடுகின்றது.

கல்வெட்டுச் சான்றும் இவ்வெல்லையையே காட்டுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் இராசராசன் நியமித்தான். பாடியோர் எண்ணிக்கை, உடனிசைத்த கருவி, நாள்தோறும் அளந்த நெல் ஆகியவை இதனால் அறியக்கிடக்கின்றன. பாடிய முறை அதனால் அறியப்படுவதில்லை.

நிகர் அட்டவணையின் இயல்பு

தேவாரப் பண்களுக்கு இன்றைய இராகங்களை நிகராகக் காட்டும் அட்டவணை, இசைக் கல்லூரிப் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் பரவலாக இடம்பெறுவது. அதன்படி கௌசிகம் பைரவியாகவும், கொல்லி நவரோசாகவும், நட்டராகம் பந்துவராளியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் கொள்ளப்படுகின்றன. இந்தளத்திற்கு மாயாமாளவகௌளை என்றும் நாதநாமக்கிரியை என்றும் இருவகைக் கூற்றுகள் உள.

இவ்வட்டவணையை உள்ளிருந்தே சோதிக்கலாம். கொல்லியும் கொல்லிக்கௌவாணமும் திருமுறை வகுப்பில் வெவ்வேறு பண்கள். அட்டவணையில் இரண்டும் நவரோசு. தக்கராகமும் தக்கேசியும் வெவ்வேறு பண்கள், இரண்டும் காம்போதி. நட்டராகமும் சாதாரியும் வெவ்வேறு பண்கள், இரண்டும் பந்துவராளி. பண் வகுத்தோர் காலத்தில் இவை வேறுபடுத்தி உணரப்பட்டிராவிடில் இருவேறு பெயர்களுக்குத் தேவை இருந்திராது. ஆகவே அட்டவணை கூறுவது பண்ணின் பழைய வடிவத்தை அன்று. ஒரு காலத்தில் வேறுபட்டிருந்தவை பின்னர் ஒரே இசை வடிவில் அடங்கிப்போன நிலையையே அது பதிவு செய்கின்றது.

இதனால் அட்டவணை பயனற்றது என்பது முடிபன்று. அண்மை நூற்றாண்டுகளின் ஓதுவார்கள் எவ்வாறு பாடினர் என்பதற்கு அது மதிப்புமிக்க சான்று. அதனை ஏழாம் நூற்றாண்டுக்குரிய சான்றாகக் கொள்வதே பிழை. திருமழபாடியில் பதினோராம் நூற்றாண்டுப் படியை அதற்கு முற்பட்ட காலத்து எழுத்தமைதிக்குச் சான்றாகக் காட்டுவது எத்தகைய பிழையோ, அத்தகையதே இதுவும்.

இலக்கணச் சான்றும் அதன் இருவழிகளும்

வாய்மொழி மரபு ஐயத்திற்கிடமானால் இலக்கண நூல்களிடம் செல்வது ஆய்வாளர் வழக்கம். சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையுடனும் அடியார்க்குநல்லார் உரையுடனும் உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த பின்னரே இவ்வழி திறந்தது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் (1947), குடந்தை ப. சுந்தரேசனாரின் பண்ணாய்வுகள் ஆகியன இப்பதிப்பு தந்த வாய்ப்பின் விளைவுகளே.

ஆயினும் உரை தரும் எண்கள் தாமாகவே பேசுவதில்லை. ஏழிசைக்கு உரிய மாத்திரை குரலுக்கு 4, துத்தத்திற்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்திற்கு 2 என 22 ஆகும். இவ்வெண்கள் ஒவ்வோர் இசைக்கும் கீழுள்ள இடைவெளியைக் குறிப்பன எனக் கொள்வோம். குரலிலிருந்து மேல்நோக்கிச் செல்ல, இடைவெளிகள் 4, 3, 2, 4, 3, 2, 4 என அமையும். இது இன்றைய அரிகாம்போதியின் அமைப்பு. அவ்வெண்களே மேலுள்ள இடைவெளியைக் குறிப்பன எனக் கொண்டால், வரிசை 4, 4, 3, 2, 4, 3, 2 ஆகும். இது கல்யாணியின் அமைப்பு. எண்கள் ஒன்றே, எண்ணும் திசை மாறியதும் இராகம் மாறிவிடுகின்றது.

இவ்விரண்டனுள் எது ஏற்புடையது என்பதற்குப் புறச்சான்று உண்டு. பரதரின் நாட்டியசாத்திரம் சட்சகிராமத்திற்குத் தரும் சுருதி எண்களை மத்திமத்திலிருந்து தொடங்கி எண்ணினால் 4, 4, 3, 2, 4, 3, 2 என்னும் இதே வரிசை கிடைக்கின்றது. அந்நூல் சுருதியைச் சுரத்திற்குக் கீழுள்ள இடைவெளியாகவே கணக்கிடுகின்றது. இவ்வொப்புமை முதல் வழியை வலுப்படுத்துகின்றது. செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்வோர் கருத்துக்கு அரணாகின்றது. எனினும் ஓர் இராகத்தின் பெயரைக் கூறுவதற்கு முன் எண்ணும் திசையை எவ்வாறு கொண்டோம் என்பதை ஆய்வாளர் வெளிப்படக் கூறுதல் வேண்டும். இப்படிநிலையை மறைத்துவிட்டு முடிபை மட்டும் தரும் கட்டுரை, படிப்பவர் சோதிக்க முடியாத கட்டுரையாகிவிடுகின்றது.

இவ்வகையில் முன்னோர் இருவர் நல்ல எடுத்துக்காட்டுகள். பண்டிதர் 22 என்னும் கணக்கை மறுத்து, வட்டப்பாலையின் 12 இராசிகளை அடிப்படையாகக் கொண்டு 24 சம அலகுகளை நிறுவ முயன்றார். அவர் முடிபை ஏற்காதவரும் அவர் கணக்கைப் படிப்படியாகச் சரிபார்க்க இயலும். ஏனெனில் அவர் எதையும் மறைக்கவில்லை. 1912 முதல் தஞ்சையில் தாம் கூட்டிய இசை மாநாடுகளிலும், 1916இல் பரோடாவில் நிகழ்ந்த அகில இந்திய மாநாட்டிலும் தம் கருத்துகளை அறிஞர் அவையின் வினாக்களுக்கு உட்படுத்தினார். விபுலாநந்தரும் யாழ்க்கருவியின் அமைப்பையும் நரம்புகளின் கணக்கையும் விரித்துரைத்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூல் 1947 சூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியபோது, அது நூலாக மட்டுமன்றி ஒலிக்கும் கருவிகளோடும் அவைமுன் வைக்கப்பட்டது. பின்வந்தோர் பலர் இவ்விருவரின் முடிபுகளை எடுத்துக்கொண்டனர், முறையை விட்டுவிட்டனர்.

ஒரே நூற்றாண்டின் கல்லும் பதிகமும்

சம்பந்தர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கொள்ளப்படும் இசைக்கல்வெட்டு புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ளது. ஏழு கிராமராகங்களுக்கு உரிய சுரக்கோவைகளை அது நான்கு நான்காகப் பகுத்துப் பொறித்துள்ளது. ஒவ்வொரு சுர எழுத்தும் அகரம், இகரம், உகரம், எகரம் என உயிர் மாறி வருகின்றது. இவ்வேழனுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் தேவாரத்தின் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் ஆகியவற்றோடு ஒலியொப்புமை உடையன.

திருமழபாடிக்குச் சம்பந்தர் பாடிய கௌசிகப் பதிகத்தை ஆராய்வோருக்கு இதைவிட நெருங்கிய புறச்சான்று இல்லை. அப்பதிகத்தை விளக்க வரும் கட்டுரையாளர், கௌசிகம் என்றால் பைரவி என்று எழுதி மேற்செல்வாராயின், கையெட்டும் தொலைவிலுள்ள ஏழாம் நூற்றாண்டுச் சான்றை விட்டுவிட்டு, காலத்தால் மிகவும் பிற்பட்ட வழக்கைப் பற்றிக்கொள்கின்றார் என்றே கொள்ளவேண்டும். பெயரொப்புமை ஒன்றே இசையொப்புமைக்குச் சான்றாகாது என்பதும் உண்மையே. அதனாலேயே கல்வெட்டின் கைசிகச் சுரக்கோவையையும் ஓதுவார் பாடும் கௌசிகத்தையும் அருகருகே வைத்து, ஒத்துவரும் இடங்களையும் விலகும் இடங்களையும் பட்டியலிடுதல் வேண்டும். அப்பட்டியலே ஆய்வு, பெயர்மாற்றம் ஆய்வாகாது.

பாடுவோர்க்குரிய வளங்கள்

இன்று கிடைக்கும் வளங்கள் குறைந்தவை அல்ல. தி.வே. கோபாலையர் பதிப்பித்துப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில் 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட தேவாரப் பதிப்பும், அந்நிறுவனத்தின் துணையோடு 2007இல் வெளிவந்த மின்தேவாரமும் பனுவலாய்வுக்கு உறுதியான அடித்தளம். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள், ஓதுவார்களையும் இசையறிஞர்களையும் ஓரவையில் அமர்த்தின. வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை 1992 முதல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. தருமபுரம் ப. சுவாமிநாதன் குரலில் திருமுறைகள் பெருமளவில் ஒலிப்பதிவாகி எவரும் கேட்கும் நிலையில் உள்ளன.

இவற்றுள் கடைசியாகக் கூறியது பாடுவோருக்கு மிகவும் பயன்படுவது. அதனாலேயே மிகவும் கவனமாகக் கையாளத்தக்கது. ஒருவர் குரல் நிறைவாகவும் எளிதாகவும் கிடைக்கும்போது அதுவே அளவுகோலாகிவிடும். சிற்றூர்க் கோயில்களில் வேறு ஆசிரியர் வழியில் பயின்ற ஓதுவார் ஒருவர் அதே பதிகத்தைச் சற்று வேறுபடப் பாடினால், அவ்வேறுபாடு மற்றொரு மரபாகக் கருதப்படாமல் பிழையாகக் கருதப்படும் சூழல் உருவாகும். பயிலும் மாணவர் அவ்வேறுபாட்டைத் திருத்திக்கொள்வார். ஒரு தலைமுறைக்குள் படியெடுக்கப்படாத சுவர் ஒன்று இடிந்துவிடும். இது அவ்வொலிப்பதிவின் குறையன்று. ஒப்பிடுவதற்கு வேறு பதிவுகளை அதன் அருகில் வைக்காத ஆய்வுலகின் குறையே.

சுந்தரரின் திருமழபாடிப் பதிகம் இதற்கு நல்ல சான்று. திருமுறை வகுப்பில் நட்டராகம் எனக் குறிக்கப்பட்ட அப்பதிகம், மேடைக் கச்சேரிகளிலும் பக்தியிசைப் பதிவுகளிலும் பாடகர் விரும்பும் பல இராகங்களில் ஒலிக்கின்றது. பாடகரின் உரிமை மறுக்கத்தக்கதன்று. ஆயின் கேட்போர் அதனையே தேவாரப் பண்ணிசை என உணரும்போது, பண் குறிப்பு வெறும் தலைப்பாகச் சுருங்கிவிடுகின்றது.

மேலைநாட்டுப் பழவிசை இயக்கம் இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டது. ஆர்னால்டு டோல்மெட்சு 1915இல் வெளியிட்ட நூல், பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் இசையை அக்காலக் கருவிகளாலும் முறைகளாலும் இசைக்க வழிகாட்டியது. 1952இல் தொடங்கிய பன்னாட்டு இசைமூலப் பட்டியல், எந்த நூலகத்தில் எந்தச் சுவடி உள்ளது என்பதை நாடு கடந்து தொகுத்தது. பின்னர் ரிச்சர்டு டரஸ்கின் எழுப்பிய மறுப்பு கூர்மையானது: பழமையின் மீட்பு என முன்வைக்கப்படுவது, இருபதாம் நூற்றாண்டின் சுவையைப் பழமையின் பெயரால் நிறுவுவதே என்றார் அவர். அவ்வியக்கத்துக்குச் சுரக்குறிப்புச் சுவடிகள் ஏராளமாக இருந்தும் இம்மறுப்பு எழுந்தது. தேவாரத்துக்கு அத்தகைய சுரக்குறிப்புச் சுவடிகள் இல்லை. மரபு குரல்வழியே வந்தது. ஆகவே அம்மறுப்பு இங்கு மேலும் வலுவாகப் பொருந்தும். அதேவேளையில், மேலைநாட்டில் அறுந்துபோன குரல்மரபு இங்கு இன்றும் உயிரோடு உள்ளது. யாழைப் புதிதாகச் செய்து வாசிக்கும் அண்மைக்கால முயற்சிகள் வரவேற்கத்தக்கனவே. எனினும் அறுந்ததை மீட்பதைக் காட்டிலும் அறாததைக் காப்பது முதற்கடமை.

பதிவு நெறி

மேற்கண்டவற்றால், பண்ணாய்வில் ஒவ்வொரு பதிகத்துக்கும் நான்கு செய்திகளைத் தனித்தனியே பதிவு செய்தல் இன்றியமையாததாகின்றது. முதலாவது, சுவடிகளும் பதிப்புகளும் தரும் பண், கட்டளைக் குறிப்பு. இரண்டாவது, அப்பண் குறித்து இலக்கண நூல், உரை, கல்வெட்டு ஆகியவை தரும் சான்றும் அதைப் பொருள்கொண்ட முறையும். மூன்றாவது, பாடிய ஓதுவார், அவர்தம் ஆசிரியர் வழி, பதிவான ஆண்டும் இடமும். நான்காவது, அப்பாடல்முறை இன்றைய எந்த இராகத்தை ஒத்துள்ளது, எங்கு விலகுகின்றது என்பது. நிகர் அட்டவணை இந்நான்கனுள் நான்காவதன் சுருக்கம் மட்டுமே.

இந்நெறியைத் தொடங்கப் பெரும் நிறுவனம் தேவையில்லை. திருமழபாடியின் ஆறு பதிகங்களையும் அவற்றோடு திருப்பழுவூர், திருவிசயமங்கைப் பதிகங்களையும் எடுத்துக்கொண்டு, வெவ்வேறு ஆசிரியர் வழியில் பயின்ற ஓதுவார்கள் சிலரைப் பாடச்செய்து பதிந்தால், ஒரு மாவட்ட அளவிலான முன்மாதிரி கிடைக்கும். இந்தளப் பதிகங்கள் இருவேறு தலங்களில் உள்ளதால், ஒரே பண் வெவ்வேறு யாப்பில் எவ்வாறு நடக்கின்றது என்பதையும் அதில் காணலாம். பாடுவோரும் தம் நிகழ்ச்சியில் ஏழாம் நூற்றாண்டு இசை என அறிவிப்பதை விடுத்து, இன்ன ஆசிரியர் வழிப் பாடல்முறை என அறிவிப்பாராயின், கேட்போருக்கு உண்மையும் ஆசிரியருக்கு உரிய சிறப்பும் ஒருங்கே கிட்டும்.

முடிவுரை

தேவாரப் பண்களின் பெயர்கள் பழமையானவை; பாடல்முறை உயிருள்ளது; இரண்டையும் இணைக்கும் பாலமாக அட்டவணை கருதப்பட்டு வந்துள்ளது. அட்டவணையை அதன் காலத்துக்குரிய சான்றாக மட்டுமே கொள்ளவேண்டும் என்பதும், வெவ்வேறு பண்கள் ஓர் இராகத்தில் அடங்கியிருப்பதே அதற்குப் போதிய காரணம் என்பதும் மேலே காட்டப்பட்டன. இலக்கண எண்களும் பொருள்கொள்ளும் திசையைப் பொறுத்து வேறுபட்ட முடிபுகளைத் தருவதால், முடிபோடு முறையையும் வெளியிடுதல் ஆய்வறமாகின்றது. பழைய விமானத்தை இடிக்கத் துணிந்த சோழ அரசு, இடிக்கும் முன் அதன் எழுத்தைப் படியெடுத்தது. படி என்பதையும் எழுதிவைத்தது. பயிற்றுமுறையிலும் மேடையிலும் மாறிவரும் பண்ணிசைக்குத் தமிழாய்வுலகம் செய்யவேண்டியது இவ்வளவே. ஓதுவார் குரல்களில் எஞ்சியுள்ள வேறுபாடுகள் ஒன்றாகிவிடும் முன் அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.